அறுவைக் கலை ஒரு கைமாற்று

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு இருபது நிமிஷம். பழைய கதை ஏதாவது சொல்லுங்க சார்" என்றுதான் செயலாளர் என்னைக் கேட்டார். பழைய கதைகளை உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்; கொஞ்சம் சேர்த்தும் சொல்வீர்கள். ஆகவே, அண்மைக்கால விஷயம் ஒன்றைப் பேச அனுமதி கேட்டு வாங்கினேன். 2020இல் வந்த கொரோனாப் பெருந்தொற்று, அறுவை நிபுணர்களை உருவாக்கும் பணியை என்ன செய்தது என்பதே அது.

"அதுதான் முடிந்துவிட்டதே" என்று நீங்கள் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி சர்வதேச அவசரநிலையை விலக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுகளில் பி.ஜி. படித்தவர்கள் இன்று நிபுணர்களாக ஊர் ஊராகப் பணிபுரிகிறார்கள். நமக்கோ நம் வீட்டாருக்கோ நடுராத்திரியில் வயிற்று வலி வந்தால், அவர்களில் ஒருவர்தான் கத்தி பிடிக்கப் போகிறார். எனவே இது பாதிக்கப்பட்ட சிலருடைய கதை மட்டுமல்ல. நம் எல்லோர் கதையும்தான்.

கை எப்படிக் கற்கிறது

இங்கே பிசிஷியன்கள் இருக்கிறீர்கள், குழந்தை மருத்துவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

எம்.எஸ். மூன்று வருடப் படிப்பு. முதல் வருடம் வார்டு, கட்டு மாற்றுதல், கேஸ் ஷீட், ரத்தம் ஏற்பாடு செய்தல், தியேட்டரில் ரிட்ராக்டர் பிடித்தல். கை மரத்துப்போகும், முதுகு ஒடியும். ஆனால் கண் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் வருடம் ஹைட்ரோசீல், ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் என்று சின்னச் சின்ன ஆபரேஷன்கள், சீனியர் எதிர்ப்பக்கம் நிற்க. மூன்றாம் வருடம் பித்தப்பை, தைராய்டு, குடல் ஒட்டு என்று பெரிய ஆபரேஷன்களில் பாதியை நம் கையில் கொடுத்துவிட்டு, சீஃப் எதிரே நின்று பார்ப்பார். கை தவறான இடத்துக்குப் போனால் இடுக்கியால் விரல்மேல் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு விழுந்த இடத்தை நாம் யாரும் இன்றுவரை மறக்கவில்லை.

பொறுப்பைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் முறைப்படுத்தியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட். ஜெர்மன் மருத்துவமனைகளில் கண்டு வந்ததைத் தன் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். அறுவை மருத்துவரின் பயிற்சி பற்றி 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு பேருரையே ஆற்றினார். நூற்றாண்டு கடந்தும் உலகம் முழுவதும் அடிப்படை அதுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சீஃப் சொல்லிக் கொடுப்பது பாதிதான். மீதியைச் சொல்லிக் கொடுப்பவர் ஒரு வருடம் சீனியர். "அண்ணா, இந்த முடிச்சு நழுவுதே?" என்று ராத்திரி டியூட்டியில் கேட்டால், "விரலை இப்படித் திருப்புடா" என்று காட்டுபவர் அவர்தான். நம் பக்கத்தில் அவசரத்துக்கு வட்டியில்லாமல், பத்திரமில்லாமல் கொடுக்கும் கடனைக் கைமாற்று என்போம். அறுவைக் கலையும் அப்படி ஒரு கைமாற்றுத்தான். மூன்றாம் வருடத்தார் முதல் வருடத்தாருக்குக் கொடுப்பார்கள். வாங்கியவர் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுப்பதில்லை, அடுத்து வருபவரிடம் கொடுக்கிறார். பெருந்தொற்று அறுத்தது இந்தச் சங்கிலியைத்தான்.

ஆபரேஷன் பட்டியல் காலியான நாட்கள்

2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 20ஆம் தேதி, அவசியமில்லாத, தள்ளிப்போடக் கூடிய ஆபரேஷன்களை ஒத்திவைக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. மார்ச் 25ஆம் தேதி முதல் நாடு முழுக்க ஊரடங்கு.

அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. காரணம் இருந்தது. கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 24 நாடுகளில் ஆபரேஷனையொட்டிக் கொரோனா தொற்றிய 1,128 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2020 மே மாதம் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். பாதிப்பேருக்கு நுரையீரல் சிக்கல்கள் வந்திருந்தன. அப்படியிருக்கும்போது ஹெர்னியாவுக்கும் வெரிகோஸ் வெயினுக்கும் நாள் குறிக்க யாருக்குத் துணிவு வரும்?

அதே கூட்டமைப்பு இன்னொரு கணக்கும் போட்டது. நெருக்கடி உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகம் முழுவதும் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்பது மதிப்பீடு. நம் நாட்டின் பங்கு 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். இந்த எண்ணிக்கையைப் பத்திரிகைகள் நோயாளிகளின் பக்கமிருந்து எழுதின. அது சரிதான். ஆனால் ஒவ்வொரு ரத்தான ஆபரேஷனுக்குப் பின்னாலும் இன்னொருவர் நின்றிருந்தார். அதைப் பார்த்துப் பழக வேண்டியவர், ரிட்ராக்டர் பிடிக்க வேண்டியவர், எதிரே சீனியர் நிற்கத் தன் கையால் செய்ய வேண்டியவர். அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை.

நடந்த ஆபரேஷன்களிலும் கற்றல் குறைந்தது. தியேட்டருக்குள் ஆட்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றாகிவிட்டது. நேரமும் குறைய வேண்டும். ஆகவே கைதேர்ந்தவரே முதலிலிருந்து முடிவுவரை செய்தார், பி.ஜி. வெளியே நின்றார். உள்ளே இருந்தவர்களுக்கும் கவச உடை, இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் ஒரு கண்ணாடித் திரை. மூச்சில் அது மங்கும். பேசுவது கேட்காது. ஆபரேஷன் நடக்கும்போதே பேசிப் பேசிச் சொல்லிக் கொடுப்பதுதான் நம் வழக்கம். பேச்சு போனால் பாடமும் போயிற்று.

லேப்ராஸ்கோப்பி செய்யும்போது வயிற்றுக்குள் ஏற்றும் வாயுவோடு வைரஸ் வெளியேறுமோ என்ற அச்சம் ஆரம்ப மாதங்களில் இருந்தது. பிரிட்டனின் அறுவை மருத்துவக் கல்லூரிகளே அதில் எச்சரிக்கை தேவை என்றன. பல இடங்களில் அப்பெண்டிக்ஸுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அல்லது திறந்த முறைக்குத் திரும்பினார்கள். மூத்தவர்களுக்கு அது பழகிய பாதை. லேப்ராஸ்கோப்பியில் கையை ஊன்றப் பார்த்த இளையவர்களுக்கோ நடுவழியில் வண்டி நின்றது போலாயிற்று.

எல்லாத் துறைக்கும் ஒரே மாதிரி அடி விழவில்லை. கண் மருத்துவத்தில் முகாம்கள் நின்றன. கண்புரை ஆபரேஷனில் கை பழகுவதே முகாம் நோயாளிகளை நம்பித்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் மாஸ்டாய்டு எலும்பைத் துளையிடும்போது துகள்கள் காற்றில் பறக்கும் என்பதால் காது ஆபரேஷன்கள் ஒதுக்கப்பட்டன. எலும்பு முறிவுப் பிரிவில், வண்டிகள் ஓடாத ஊரடங்கில் விபத்துகளும் குறைந்தன. அது சமூகத்துக்கு நல்லது, பயிற்சிக்கு நஷ்டம். பொது அறுவைப் பிரிவில் அவசர ஆபரேஷன்கள் நிற்கவில்லை. ஆனால் வந்தவர்கள் தாமதமாக வந்தார்கள். இரண்டாம் வருடத்து மாணவர் பழகுவதற்கேற்ற எளிய அப்பெண்டிக்ஸ் வரவில்லை. ஓட்டை விழுந்து வயிறெல்லாம் சீழ் பரவிய பிறகு வந்தது. அது பழகுவதற்கான கேஸ் அல்ல.

ஆபரேஷன் இல்லாத நேரத்தில் பி.ஜி.க்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. கொரோனா வார்டில் இருந்தார்கள். எம்.எஸ். படிப்பவரும் எம்.டி. படிப்பவரும் அங்கே ஒன்றுதான். கவச உடைக்குள் மணிக்கணக்கில் வியர்த்து, ஆக்சிஜன் அளவு பார்த்து, படுக்கை தேடி அலைந்தார்கள். டியூட்டி முடிந்தால் தனிமைப்படுத்தல். தியேட்டரை விட்டு வாரக்கணக்கில் விலகியிருந்தார்கள். நாட்டுக்கு அவர்கள் செய்த தொண்டு அது. அதற்கான விலையில் ஒரு பகுதியை அவர்களுடைய பயிற்சியிலிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

ஏணியில் ஒரு படி காணோம்

இனிச் சொல்வது வெளியே அதிகம் பேசப்படாதது. ஆனால் என் கருத்தில் இதுதான் பெரிய சேதம்.

2021ஆம் ஆண்டுக்கான நீட் பி.ஜி. தேர்வு ஏப்ரல் 18ஆம் தேதி நடக்க வேண்டியது. இரண்டாம் அலை காரணமாக ஒத்திவைத்தார்கள். மே 3ஆம் தேதி, இன்னும் குறைந்தது நான்கு மாதம் தள்ளும் என்று அறிவிப்பு வந்தது. தேர்வு செப்டம்பர் 11ஆம் தேதி நடந்தது. அதன்பின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் இட ஒதுக்கீடு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் கலந்தாய்வு நின்றது. டிசம்பரில் டெல்லியில் பயிற்சி மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2022 ஜனவரி 7ஆம் தேதி நீதிமன்றம் வழி திறந்தது. 12ஆம் தேதி கலந்தாய்வு தொடங்கியது. ஆக, 2021இல் வந்திருக்க வேண்டிய முதல் வருட மாணவர்கள் 2022இல்தான் வந்து சேர்ந்தார்கள்.

இதன் பொருள் என்ன? ஒரு யூனிட்டில் மூன்று வருடத்து மாணவர்கள் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் இரண்டு வருடத்தவர் மட்டுமே இருந்தார்கள். 2020இல் சேர்ந்தவர்கள் இரண்டாம் வருடத்துக்குப் போன பிறகும் முதல் வருட வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். கட்டு மாற்றுவது அவர்கள்தான், ரத்த வங்கிக்கு ஓடுவதும் அவர்கள்தான். மேலே ஏற வேண்டிய காலம் வந்தது. கீழ்ப்படியை விட்டு நகர முடியவில்லை.

அவர்களுக்கு மூத்தவர்களான 2018ஆம் ஆண்டுப் பிரிவினரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மூன்றாம் வருடம், அதாவது பெரிய ஆபரேஷன்கள் கையில் கிடைக்க வேண்டிய வருடம், முழுவதும் பெருந்தொற்றில் கழிந்தது. புதியவர்கள் வந்து சேரும்வரை இறுதியாண்டு மாணவர்களையே பணியில் வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அதே மே 3ஆம் தேதி அறிவித்தது. இறுதித் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். தேர்வு எழுதாதவரை நோயாளிகளை நிபுணராகப் பார்க்க எப்படி அனுமதிப்பது என்ற நியாயமான கேள்வி அங்கே எழுந்தது. 2021 ஜூனில் கோரிக்கை மறுக்கப்பட்டது. தேர்வு எழுதினார்கள், வெளியே வந்தார்கள்.

ஆய்வேடு எழுதும் கஷ்டம் தனி. நூறு பித்தப்பை நோயாளிகளை வைத்து ஆய்வு செய்வதாகத் தலைப்புக் கொடுத்திருப்பார்கள். பித்தப்பை ஆபரேஷனே நடக்காதபோது நூறு பேருக்கு எங்கே போவது?

ஒரு படி உடைந்தால் அந்தப் படியில் நின்றவர் மட்டும் விழுவதில்லை. கீழேயிருந்து ஏறி வருபவரும் அந்த இடத்தில் தடுமாறுவார். 2022இல் வந்த முதல் வருட மாணவருக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுக்க வேண்டிய சீனியருக்கே தன் கையில் முழு நம்பிக்கை இல்லை. வாங்காததை எப்படிக் கைமாற்றாகக் கொடுப்பது? இந்தப் பாதிப்பு கொரோனா வார்டையே பார்க்காத மாணவர்வரை போய்ச் சேர்ந்ததன் காரணம் இதுதான்.

வரவும் உண்டு

செலவை மட்டும் சொல்லி வரவை மறைப்பது நியாயமல்ல.

நம் காலத்தில் அறுவைப் பிரிவு மாணவருக்கு வென்டிலேட்டர் என்றால் அது அனஸ்தீசியாக்காரர் சமாச்சாரம். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. மூச்சுத் திணறும் நோயாளியைக் கையாள நம்மில் பலரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். உறவினருக்குத் தொலைபேசியில் துயரச் செய்தி சொல்லும் பக்குவம் நம் யாருக்கும் பாடத்தில் வந்ததில்லை. இவர்கள் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் அதைச் செய்தார்கள்.

2021இல் கருப்புப் பூஞ்சை வந்ததே, நினைவிருக்கும். சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் மூக்கிலும் சைனஸிலும் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிய நோய். அந்த ஜூலைக்குள் நாட்டில் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. காது மூக்கு தொண்டை மாணவர்கள், அவர்களுடைய பேராசிரியர்கள் வாழ்நாள் முழுவதும் பார்த்ததைவிட அதிகமாக அந்த நோயைச் சில மாதங்களில் பார்த்துவிட்டார்கள். அழுகிய திசுவை அகற்றும் ஆபரேஷனில் கைதேர்ந்தார்கள். அதே மாணவர்களில் சிலர் ஒரு செவிப்பறை ஆபரேஷனைத் தனியாகச் செய்யாமல் பட்டம் வாங்கினார்கள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். இதுதான் அந்தத் தலைமுறையின் உண்மையான படம். "ஒண்ணும் தெரியாத பேட்ச்" என்று சிலர் ஏளனம் பேசுவது அறியாமை.

வகுப்புகள் கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்ததும் வரவுதான். ஒரு கல்லூரியில் நடக்கும் கேஸ் விவாதத்தை மாநிலமெங்கும் உள்ள மாணவர்கள் கேட்டார்கள். அட்டைப்பெட்டிக்குள் கைப்பேசியின் கேமராவைப் பொருத்தி, லேப்ராஸ்கோப்பிக் கருவிகளால் பட்டாணியையும் ரப்பர் வளையத்தையும் இடம் மாற்றி, விடுதி அறையிலேயே பழகியவர்கள் உண்டு. கட்டில் காலில் நூலைக் கட்டி முடிச்சுப் பழகிய நமக்கு அதன் அருமை புரியும். ஆனால் பட்டாணியில் ரத்தம் வராது. எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சீனியரைக் கூப்பிட வேண்டும் என்பதை அட்டைப்பெட்டி சொல்லித் தராது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

மற்ற நாடுகளிலும் இதே இடிதான். 2003இல் சார்ஸ் வந்தபோது கனடாவின் டொரண்டோ மருத்துவமனைகளில் ஆபரேஷன்களை நிறுத்தினார்கள். பயிற்சி மாணவர்களும் பாதிக்கப்பட்டார்கள். ஒரு நகரத்தில் சில மாதங்கள் நடந்ததால் உலகம் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

2020இல் பிரிட்டன் ஒரு காரியம் செய்தது. அங்கே ஒவ்வொரு பயிற்சி மருத்துவரையும் ஆண்டுதோறும் ஒரு குழு மதிப்பிடும். அந்த மதிப்பீட்டில் பத்தாம் எண் என்று ஒரு புதிய முடிவைச் சேர்த்தார்கள். "இவருக்குப் பயிற்சியில் குறை இருக்கிறது, ஆனால் அது இவர் தவறல்ல, பெருந்தொற்றால் வந்தது" என்பது அதன் பொருள். அதிலும் இரண்டு வகை. குறையோடு அடுத்த படிக்குப் போகலாம், போகிற இடத்தில் ஈடுகட்டலாம் என்பது ஒன்று. கூடுதல் காலம் தேவை என்பது மற்றொன்று. குறையைக் காகிதத்தில் எழுதினார்கள். ஆனால் ஆளைக் குறை சொல்லவில்லை.

அமெரிக்காவில் பொது அறுவைப் பயிற்சி முடிக்க 850 பெரிய ஆபரேஷன்கள் செய்திருக்க வேண்டும். அந்த ஆண்டு அதில் பத்து சதவீதம்வரை குறைந்தாலும் ஏற்கலாம் என்று அவர்களுடைய அறுவை வாரியம் சலுகை தந்தது. எண்ணிக்கை என்று ஒன்று இருந்ததால்தான் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று அவர்களால் பேச முடிந்தது. எல்லாம் அங்கே சரியாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் வீட்டிலிருந்தபடியே எழுதும்படி வைத்த வாரியத் தேர்வு கணினிக் கோளாறால் முதல் நாளே நின்றுபோய், ரத்தாயிற்று.

நம் நாட்டில் நாட்காட்டிதான் அளவுகோல். மூன்று வருடம் முடிந்ததா, ஆய்வேடு கொடுத்தாயிற்றா, தேர்வில் தேறியாயிற்றா, நிபுணர். அந்த மூன்று வருடத்தில் கை எத்தனை முறை வயிற்றுக்குள் போனது என்ற கேள்விக்கு லாக் புக்கில் ஒரு பதில் இருக்கும். அந்த லாக் புக் எப்படி எழுதப்படுகிறது என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். தேர்வுக்கு முந்தைய வாரம் மூன்று நிற மையில், ஒரே ராத்திரியில்! (சிரிப்பு)

ஒரு தொலைபேசி அழைப்பு

பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். ஊரடங்குக் காலத்தில் படித்து முடித்த ஒரு பெண் மருத்துவர். தாலுகா மருத்துவமனையில் பணி. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

"சார், ஸ்ட்ராங்குலேட்டட் ஹெர்னியா. அறுபது வயசுப் பெரியவர். குடல் போயிருக்கும்னு நினைக்கிறேன். அனுப்பிடவா, செய்யவா சார்?"

"பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்மா?"

"ரெண்டு மணி நேரம் ஆகும் சார்."

"மயக்க மருந்து டாக்டர் இருக்காரா? ரத்தம் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு சார்."

"அப்புறம் என்னம்மா தயக்கம்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "குடல் ஒட்டு பத்தி தியரியில நல்ல மார்க் வாங்கினேன் சார். கையால செஞ்சது ரெண்டே தடவை. ரெண்டும் எதிரே சீஃப் நின்னாங்க."

"போனை ஸ்பீக்கர்ல போட்டு சிஸ்டர் கிட்ட குடும்மா. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. குடலின் நிறம் கேட்டேன். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துக் காத்திருக்கச் சொன்னேன். நிறம் திரும்பவில்லை என்றதும் எவ்வளவு தூரம் தள்ளி வெட்டலாம் என்று பேசினோம். தையல் அவருடையது. எட்டாம் நாள் பெரியவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

அன்று அந்தப் பெண்ணுக்குக் குறைவாக இருந்தது அறிவல்ல, கைத்திறன்கூட அல்ல. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்படி ஓர் ஆள் கிடைக்காத தாலுகா மருத்துவமனைகளில் இரண்டில் ஒன்று நடக்கும். செய்யக்கூடிய ஆபரேஷனைச் செய்யாமல் நோயாளியை அனுப்பிவிடுவார்கள். குடல் வழியிலேயே அழுகும். அல்லது செய்யக்கூடாத நிலையில் துணிந்து செய்வார்கள். இரண்டுக்கும் விலை கொடுப்பவர், ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் ஏழை.

நாம் என்ன செய்யலாம்

அரசும் மருத்துவ ஆணையமும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இனி ஒரு தொற்று வந்தால் எல்லாப் பி.ஜி.க்களையும் மொத்தமாக வார்டுக்கு இழுக்காமல் முறைவைத்து அனுப்ப வேண்டும். தொற்றில்லாத நோயாளிகளுக்கென்று ஒரு தியேட்டராவது தனியே இயங்க வேண்டும். எவர் எத்தனை மாதப் பயிற்சி இழந்தார் என்று அன்றன்றைக்கே பதிவாக வேண்டும். மாணவர் சேர்க்கைச் சங்கிலி ஒரு வருடம்கூட அறுபடக் கூடாது. நோயாளிக்கு எப்போது ஆபரேஷன் செய்யலாம் என்ற கேள்விக்கு அறிவியல் பதில் கண்டுபிடித்தது. 116 நாடுகளில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரைப் பார்த்து, தொற்றிலிருந்து ஏழு வாரமாவது பொறுங்கள் என்று 2021இல் சொன்னார்கள். மாணவர் எப்போது ஆபரேஷன் செய்யலாம் என்ற கேள்விக்கும் அப்படியொரு அக்கறை தேவை.

ஆனால் இது பழைய மாணவர் சங்கம். நாம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பினால் அது கோப்பில் தூங்கும். நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் மருத்துவமனைக்கு ஓர் இளம் நிபுணர் வேலை கேட்டு வந்தால் "நீ எந்த பேட்ச்?" என்று கேட்காதீர்கள். "எந்த ஆபரேஷனைத் தனியாகச் செய்யத் தயக்கம்?" என்று கேளுங்கள். உண்மையைச் சொல்பவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆபத்தில்லாதவர். எல்லாம் தெரியும் என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, நம்மில் சொந்த மருத்துவமனை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மாதம் இரண்டு நாள், உங்கள் ஆபரேஷன் பட்டியலில் இளையவர் ஒருவருக்கு இடம் கொடுங்கள். சட்டப்படி, நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு. இதில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் அத்தனை பேரும் கற்றது ஜி.எச். நோயாளிகளின் உடம்பில்தான். அவர்களிடம் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. வசதியுள்ள நோயாளியிடமும் "இவர் எனக்கு உதவியாக இருப்பார், நான் பக்கத்திலேயே நிற்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். கற்றுக்கொடுக்கும் பாரத்தை ஏழைகள் மட்டுமே சுமக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மூன்றாவது, தொலைபேசி. அறுவைத் துறைகளில் இருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் இருபது பேர் முன்வந்தால் போதும். எந்த ராத்திரிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு பட்டியல் போடுவோம். பட்டியலில் முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை.

நான்காவது, பணம். செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆண்டுச் சங்க நிதியில் கல்லூரி வாசலுக்கு ஓர் அலங்கார வளைவு கட்டுவதாக யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வளைவு நல்லதுதான். ஆனால் அதற்குள் நுழைந்து வரும் பிள்ளைகளுக்குப் பழக ஓர் அறை இல்லை. லேப்ராஸ்கோப்பிப் பயிற்சிப் பெட்டிகள் சில, தையல் பழகும் பலகைகள், மாஸ்டாய்டு எலும்பு துளையிட ஒரு மேசை, ராத்திரி பத்து மணிவரை பூட்டாத ஒரு கதவு. ஒரு வளைவின் செலவில் இவ்வளவும் வரும், மிச்சமும் இருக்கும். (கைதட்டல்) கை தட்டியவர்களின் பெயரைச் செயலாளர் குறித்துக்கொள்ளட்டும், நன்கொடை வசூலிக்க வசதியாக இருக்கும்.

கடைசியாக, பின்னால் நிற்கும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சீனியர்கள் சிலர் உங்களுக்குச் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய நேரத்தில் நாடு அவர்களை வேறு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. மறுக்காமல் போனார்கள். எனவே அவர்களைக் கோபிக்காதீர்கள். லாக் புக்கை அன்றன்றைக்கே உண்மையாக எழுதுங்கள். பார்த்தது எத்தனை, உதவியது எத்தனை, எதிரே சீனியர் நிற்கச் செய்தது எத்தனை, தனியாகச் செய்தது எத்தனை என்று நான்கு கட்டம் போடுங்கள். காலியான கட்டத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு எங்களில் ஒருவரிடம் வந்து, "சார், இது எனக்கு வரலை" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது எங்கள் கடமை, ஏனென்றால் நாங்கள் வாங்கியிருக்கிறோம்.

இருபது நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன் என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தொலைபேசிப் பட்டியலுக்கான தாள் வாசலில், கூப்பன் கொடுக்கும் மேசைமேல் இருக்கிறது. சாப்பிடப் போகும் வழியில் பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள்.